திரைக்குப் பின்னால் ஓர் அடி

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத்தான் அடிலெய்டில் சினிமாத் திரை விற்கும் கடை திறக்கும். நெவென்கா எட்டே முக்காலுக்கே போனை மேசை நடுவில் வைத்துவிட்டு அதற்கு எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கணவன் பொக்டான் எதிர் நாற்காலியில் இருந்தான். மூக்கில் குழாய். ஆக்சிஜன் இயந்திரம் அவன் காலடியில் முனகிக்கொண்டிருந்தது. வெளியே அந்த நேரத்துக்கே நாற்பது டிகிரியைத் தாண்டியிருக்கும். உள்ளே அது தெரியாது. பாறைக்குள் குடைந்த வீட்டில் ஜனவரியும் ஜூலையும் ஒன்றுதான்.

"இப்பவே அடிக்காத. தொறந்திருக்க மாட்டான்" என்றான்.

"தெரியும்."

"தொறந்ததும் கொஞ்சம் மூச்சு விடட்டும். அப்புறம் அடி."

"தொறந்ததும் அடிப்பேன்."

"என்ன அவசரம்? படம் ஓடிப் போயிடுமா?"

நெவென்கா காபிக் குவளையை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் தொடவில்லை.

போன மாதம் அடிலெய்டில் மருத்துவர் அவனுடைய நெஞ்சின் எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் வைத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது. பாறைத் தூசு இனி ஒரு பிடிகூட ஆகாது என்றார். பொக்டானிடம் சொல்லவில்லை, நெவென்காவிடம் சொன்னார். யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "நான் சுரங்கத்த விட்டு வருசமாச்சே டாக்டர்" என்றான் பொக்டான். அது உண்மைதான். இயந்திரங்களை விற்றாயிற்று. வெளிக்காட்டில் தோண்ட உரிமம் எடுத்திருந்த நிலத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஆனால் அறை இருந்தது.

அவர்கள் இருக்கும் கூபர் பீடியில் ஊர் எல்லைக்குள் ஓபல் ரத்தினம் தோண்டக் கூடாது. வீட்டுக்குப் புதிதாக அறை குடைந்து கூட்டிக்கொள்ளலாம். அதனால் ஊருக்குள் யாரும் ஓபல் தோண்டுவதில்லை. எல்லோரும் அறை கூட்டுகிறார்கள். ஒருவனைப் பார்த்து உன் வீட்டில் எத்தனை அறை என்று கேட்டால் அவன் முறைப்பான். பொக்டான் வீட்டில் சமையலறைக்குப் பின்னால் இருப்பது ஏழாவது அறை. அது எதற்கு என்று நகராட்சியிலிருந்து வந்தவர் கேட்டபோது, படம் பார்க்க என்றான். மகள் யாஸ்னா போனில் கேட்டபோதும் அதையே சொன்னான். வீட்டை ஆசீர்வதிக்க வந்த பாதிரியாருக்கும் அதே பதில்தான். அவர் அந்த அறையிலும் புனித நீர் தெளித்துவிட்டு, நல்ல படமாகப் பாருங்கள் என்று சொல்லிப் போனார்.

அடிலெய்டிலிருந்து திரும்பும் விமானத்தில் நெவென்கா முடிவு செய்தாள். படம் பார்க்க என்றுதானே சொன்னான். படமே பார்க்கட்டும். பின்சுவர் முழுவதையும் அடைக்கிற மாதிரி ஒரு திரை. சட்டத்தில் இழுத்துக் கட்டி, பாறையில் திருகி, ஒருவராகக் கழற்ற முடியாத திரை.

ஒன்பது அடித்தது. போனை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"லாக்லன் பேசறேன். சொல்லுங்க."

"எனக்கு ஒரு ஸ்க்ரீன் வேணும். சுவத்துல நிரந்தரமா மாட்டறது. சுருட்டி மேல போறது வேண்டாம்."

"நல்ல முடிவு. உங்க பேரு?"

"நெவென்கா."

"சரி நெவென்கா. முதல்ல ரூமப் பத்தி சொல்லுங்க. ஜன்னல் எத்தன?"

"இல்ல."

"கண்ணாடிக் கதவு?"

"இல்ல."

"அப்ப வெளிச்சம் எங்கேர்ந்து வருது?"

"சுவிட்சப் போட்டா வரும்."

பொக்டான் சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று. அது முடியும்வரை நெவென்கா போனைக் கையால் மூடிக்கொண்டாள்.

"எந்த ஊரு நீங்க?" என்றான் லாக்லன்.

"கூபர் பீடி."

"ஓ. குகையா!"

"வீடு."

"சாரி. வீடுதான். நெவென்கா, உங்களுக்கு எவ்ளோ அதிர்ஷ்டம் தெரியுமா? எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் இருட்டுக்குத்தான் தவிக்கிறாங்க. திரைச்சீலை போடறாங்க, சுவத்துக்குக் கருப்பு அடிக்கிறாங்க. உங்களுக்கு அது சும்மாவே கெடச்சிருக்கு."

"உம் பேரச் சொல்லியே கூப்பிடறான் பாரு" என்றான் பொக்டான் மெதுவாக. "கூடப் படிச்சவன் மாதிரி."

"அப்ப சாம்பல் துணி வேண்டாம்" என்று லாக்லன் தொடர்ந்தான். "அது வெளிச்சம் அடிக்கிற வீட்டுக்கு. உங்களுக்கு வெள்ளைதான். சாதா வெள்ளை. அதுல வர்ற நெறம் வேற எதுலயும் வராது."

"தம்பி, நான் ஒண்ணு கேக்கறேன்" என்று பொக்டான் போனை நோக்கிக் குனிந்தான். "சுருட்டறது நல்லதில்லையா? இங்க கூரை உதிரும். பாறை. தூசி எல்லாம் வெள்ளத் துணியில படியும். சுருட்டி வச்சா சுத்தமா இருக்கும்ல?"

"கூரைக்குப் பசை அடிச்சு வருசமாச்சு. ஒண்ணும் உதிரல" என்றாள் நெவென்கா.

"அந்த ரூமுக்கு அடிக்கலயே."

"அடிச்சுடலாம்."

"சார், சுருட்டறதுல ஒரு சிக்கல்" என்றான் லாக்லன். "கொஞ்ச நாள்ல துணி அலை அலையா ஆயிடும். ஓரம் மடங்கும். மூஞ்சியெல்லாம் கோணலாத் தெரியும். சட்டத்துல கட்டினா அந்தப் பிரச்சனையே இல்ல."

"கோணலா இருந்தா என்ன? எம் மூஞ்சியும் கோணல்தான். பின்னால சுவத்துல ஏதாவது வேல வந்தா என்ன பண்றது?"

"என்ன வேல?" என்றாள் நெவென்கா.

"சுவருன்னா வேல இருக்கும்."

"சார், பின்னால இருக்கற சுவரு தெரியவே கூடாதுன்னுதான ஸ்க்ரீன் மாட்டறது" என்றான் லாக்லன்.

"அதேதான்" என்றாள் நெவென்கா. "தம்பி, நீ எனக்குச் சுவரு முழுசுக்கும் கொடு. எடதும் வலதும் எடமே விடாம."

அளவைச் சொன்னாள். எங்கே உட்காருவீர்கள் என்று அவன் கேட்டான். அதையும் சொன்னாள்.

"அவ்ளோ பெருசு வேண்டாம் நெவென்கா. டென்னிஸ் பாக்கற மாதிரி தலையத் திருப்பிட்டே இருக்கணும்."

"திருப்பறோம்."

"கழுத்து வலிக்கும்."

"எங்கெங்கயோ வலிக்குது. அதுவும் வலிக்கட்டும்."

பொக்டான் மேசையை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். தட்டுவதை நிறுத்தினான்.

"தம்பி, தியேட்டர்ல சத்தம் எங்கேர்ந்து வருது? ஸ்க்ரீனுக்கு உள்ளேர்ந்துதான?"

"கரெக்ட் சார். நடிகன் வாயத் தொறந்தா வாயிலேர்ந்தே வரும். வீட்லயும் அத செய்யலாம். நெசவுத் துணின்னு ஒண்ணு இருக்கு. சத்தம் அதுக்குள்ள பூந்து வந்துரும். ஸ்பீக்கர் எல்லாம் பின்னால நிக்கும், கண்ணுக்கே தெரியாது. ஆனா பின்னால எடம் வேணும். இல்ல சுவத்துல குழி எடுக்கணும். உங்களுக்குக் கஷ்டம், பாறை."

"கஷ்டம் ஒண்ணுமில்ல. எவ்ளோ ஆழம்?"

"ஓரடி இருந்தா தாராளம்."

"அப்ப அதுவே போடு" என்றான் பொக்டான். "அவ கேக்கற மாதிரியே. அசையாம, சுவரு முழுசுக்கும்."

நெவென்கா அவனைப் பார்த்தாள். அவன் ஆறிய காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான்.

இந்த ஊரில் நாற்பது வருடம் இருந்தவள். ஆழம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் நிமிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவள் தன் கைப்பையிலிருந்து கடன் அட்டையை எடுத்து எண்களை வாசித்துக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்டதாக நினைத்தாள்.

*

பெட்டி அடுத்த வாரம் சரக்கு லாரியில் வந்தது. லாரி நின்ற இடத்திலிருந்து பொக்டானின் நண்பன் தனாசிஸ் அதைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஆள் நீளத்துக்கு மேல் இருந்த அட்டைப்பெட்டியை நடைவழியில் திருப்ப முடியாமல் கிரேக்கத்தில் திட்டினான்.

தனாசிஸ் யாஸ்னாவுக்கு ஞானத்தகப்பன். அவளை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து கையில் வாங்கிய நாள் முதல் நெவென்காவை அவன் 'கூமா' என்றுதான் கூப்பிடுவான். அவளுக்கு அவன் 'கூமே'. கூடப்பிறந்தவர்களைவிட ஒரு படி மேலான உறவு. அதில் பொய் சொல்லக் கூடாது என்று வழக்கம்.

"கூமா, உள்ள என்ன, பிணமா? இந்தக் கனம் கனக்குது!"

"சட்டம். அலுமினியம். மெதுவா வை."

"இவனுக்குப் படம் பாக்க இவ்ளோ பெருசா? நம்ம ஊர் மைதானத்துல இருக்கற திரையே இத விடச் சின்னது."

"உனக்குப் பொறாமை" என்றான் பொக்டான்.

"எனக்கு என்ன பொறாமை? எங்கிட்ட பதினோரு ரூம் இருக்கு. இருக்கறது நானும் நாயும். நாய்க்கு மூணு ரூம் கொடுத்துட்டேன். அதுவும் ஒண்ணும் கண்டுபிடிக்கல."

முதலில் சாப்பிட்டார்கள். நெவென்கா விடிகாலையில் எழுந்து சார்மா செய்திருந்தாள். புளித்த முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் கொத்துக்கறியும் பொதிந்து, புகையூட்டிய விலா எலும்பை அடியில் போட்டு, மூன்று மணி நேரம் கொதிக்காமல் முனகவிட வேண்டும். பொக்டான் இரண்டு பொதியோடு நிறுத்திவிட்டான். முன்பெல்லாம் பத்துக்குக் குறையாது. மென்று விழுங்குவதற்கு நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. தனாசிஸ் அதைப் பார்க்காதவன்போல் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பைத் துடைத்தான்.

"என்ன படம் மொதல்ல போடப் போறீங்க?"

"கடல் இருக்கற படம்" என்றாள் நெவென்கா.

"எந்தப் படம்?"

"எதா இருந்தா என்ன? கடல் இருக்கணும்."

"இவ மூணு மணி நேரம் தண்ணியப் பாப்பா. நான் தூங்குவேன்" என்றான் பொக்டான்.

"தூங்கு. அதுக்குத்தான்."

சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளி, தரையில் கம்பளியை விரித்துச் சட்டத்தைப் பூட்டினார்கள். நான்கு மூலையிலும் இரும்புத் துண்டு, திருகாணி. பிறகு துணி. கை கழுவாமல் யாரும் தொடக் கூடாது என்றாள் நெவென்கா. துணியின் ஓரம் முழுக்கக் கம்பி கோத்திருந்தது. அதைச் சட்டத்தின் பின்பக்கம் கொக்கி கொக்கியாக இழுத்து மாட்ட வேண்டும். எதிரெதிர்ப் பக்கம், ஒன்றுவிட்டு ஒன்று. இல்லாவிட்டால் சுருக்கம் விழும். தனாசிஸ் முரட்டுத்தனமாக இழுத்தான். நெவென்கா அவனைத் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். பிட்டா என்ற மடிப்புப் பலகாரத்துக்கு மாவை மேசை முழுக்க மெல்லிசாக இழுக்கிற கை அது. புறங்கையைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினாள்.

கடைசிக் கொக்கியை மாட்டி நிமிர்த்தியபோது துணி விறைத்து நின்றது. வெள்ளை. அந்த வீட்டில் அவ்வளவு வெள்ளையாக எதுவும் இருந்ததில்லை. மூவரும் சற்று நேரம் பார்த்தார்கள்.

"பாக்க ஒண்ணுமே இல்ல. ஆனா நல்லா இருக்கு" என்றான் தனாசிஸ்.

"சாயங்காலத்துக்குள்ள மாட்டிடணும்" என்றாள் நெவென்கா.

"ஸ்பீக்கருக்குக் குழி எடுக்கணுமே கூமா."

"ஓரடி."

"ஓரடிதான்."

"நீ வெட்டு. தண்ணி அடிச்சு அடிச்சு வெட்டு. இவன் இங்கயே இருப்பான். கதவச் சாத்திடுவேன்." பொக்டானைப் பார்த்தாள். "காதுல விழுந்துச்சா?"

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. கெட்டது வேற."

வானொலியில் மேற்கிலிருந்து புழுதிக்காற்று வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேலே காற்றுக்குழாய்களுக்கு மூடி போட வேண்டும். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. நெவென்கா பொக்டானைச் சமையலறை நாற்காலியில் உட்கார்த்தி, குழாயைச் சரிசெய்து, தனாசிஸ் வெட்டும் அறையின் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள்.

வெயில் முகத்தில் அறைந்தது. சரிவில் ஏறி வீட்டின் தலைமேல் நின்றாள். கீழே ஏழு அறை இருப்பதன் அடையாளம், மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஏழு தகரக் குழாய்கள். மேற்கே செம்மண் சுவர் ஒன்று தரையிலிருந்து வானம்வரை எழுந்து நகர்ந்து வந்தது. அரை மணி நேரம் இருக்கும். துணிகளை அள்ளிக் கூடையில் போட்டாள். விறைத்துக் கிடந்தன. பொக்டானின் சட்டைகள் இப்போதெல்லாம் அவனுக்குத் தொளதொளவென்று ஆகிவிட்டன. ஒவ்வொரு குழாயாக மூடியைத் திருகிக்கொண்டு வந்தாள்.

ஏழாவது குழாயிலிருந்து தூசு வந்துகொண்டிருந்தது. வெளித்தூசு சிவப்பு. இது வெளிர் ரோஜா நிறம். மெல்லிய புகைபோல மேலே எழுந்து காற்றில் கலைந்தது. தண்ணீர் அடித்து வெட்டினால் இப்படி வராது.

குனிந்தாள். தனாசிஸ் கொண்டுவந்திருந்த வெட்டு இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. அது நின்றது. பிறகு குழாய் வழியாகக் கணவனின் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல:

"எடது பக்கம். கீழ. இன்னும். இன்னும் உள்ள போ."

மூடியைக் கீழே போட்டாள். கூடையையும்.

*

பொக்டான் அறையின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மூக்கில் குழாய் இல்லை. ஈரக் கைக்குட்டையை வாயில் கட்டியிருந்தான். தலையிலும் புருவத்திலும் மாவு படிந்ததுபோல் தூசு. பின்சுவரில் நெஞ்சு உயரத்தில் ஒரு பொந்து. தனாசிஸுக்கு இடுப்புக்குக் கீழேதான் வெளியே தெரிந்தது.

நெவென்கா மின்கம்பியைப் பிடுங்கினாள். இயந்திரம் நின்றது. தனாசிஸ் பின்னால் நகர்ந்து வெளியே வந்தான்.

"ஓரடி" என்றாள்.

தனாசிஸ் முகத்தைத் துடைத்தான். "ஸ்பீக்கர் கொஞ்சம் பெருசு கூமா."

"உன் மூஞ்சிய விடப் பெருசா?"

"அவன் சொன்னான்."

"அவன் சொன்னா? நான் சொன்னது?"

"கூமா, ஓபல் கோடு இருக்கு. சத்தியமா இருக்கு. நான் கண்ணால பாத்தேன்."

"இந்த ஊர்ல எந்தக் கல்லுல கோடு இல்ல? தண்ணி ஏன் அடிக்கல?"

பொக்டான் கைக்குட்டையை இறக்கினான். "தண்ணி அடிச்சா சேறு வழிஞ்சு கோட்ட மறைக்குது. நான்தான் வேண்டாம்னேன்."

"கூமே, நீ வீட்டுக்குப் போ."

"நெவென்கா—"

"எம் பொண்ணக் கையில வாங்கினவன் நீ. போ. காத்து வருது. வண்டிய எடு."

தனாசிஸ் இயந்திரத்தைத் தூக்கப் போனான். பிறகு விட்டுவிட்டான். வாசல்வரை போய் நின்று, "நான் வெட்டலன்னா அவனே வெட்டுவான். அதான் வந்தேன்" என்றான். அவள் திரும்பவில்லை. வண்டி கிளம்பும் சத்தம் பாறை வழியாகக் கேட்டது.

அவள் பொக்டானைத் தூக்கிச் சமையலறைக்கு நடத்தினாள். கனமே இல்லை. குழாயை மாட்டினாள். இருமல் அப்போதுதான் வந்தது. வெகுநேரம் இருமினான். முடிந்தபோது உதடு நீலமாக இருந்தது. ஈரத் துணியால் அவன் தலையையும் கழுத்தையும் காது மடலையும் துடைத்தாள். துணியை அலசிய தண்ணீர் பால்போல் கலங்கியது.

மேலே காற்று வந்துவிட்டது. திறந்து கிடந்த ஏழாவது குழாய் ஊதத் தொடங்கியது.

"நான் வெட்டலயே. உக்காந்துதான இருந்தேன்" என்றான்.

"உக்காந்து குடிச்ச. தூசிய."

"நாப்பது வருசம் குடிச்சேன். ஒரு நாள்ல என்ன?"

"டாக்டர் என்ன சொன்னாரு? ஒரு பிடிகூட ஆகாதுன்னு சொன்னாரா இல்லையா?"

"ஒரு பிடி இல்லாம இருந்தா? சாக மாட்டேனா?"

அதையும் அவள் மருத்துவரிடம் கேட்டிருந்தாள்.

"ரெண்டு வருசம் கெடைக்கும்" என்றாள். "தூசி இல்லன்னா."

"ரெண்டு வருசம். இந்த நாக்காலியில."

"ஆமா. இந்த நாக்காலியில. எங்கூட. படம் பாத்துக்கிட்டு. அது உனக்கு ஆகாதா?"

அவன் அவள் கையைப் பார்த்தான். துணியை இறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தது.

"உனக்கு என்ன கொடுத்தேன் நான்?" என்றான். "சொல்லு. கல்லு பொறுக்க வச்சேன். கைக்கொழந்தய இடுப்புல வச்சுக்கிட்டு வெயில்ல மண்மேட்டுல உக்காந்து பொறுக்கின. எவனெவனோ விட்டுட்டுப் போன குப்பைய. நாலு காசு வந்தா அது டீசலுக்குப் போச்சு. நான் போயிட்டா உனக்கு என்ன இருக்கு? ஏழு ரூம் இருக்கு. யாரு வாங்குவா?"

"நான் கேட்டேனா?"

"கேக்க மாட்ட. அதான்."

"நாளைக்கு அந்த ஸ்க்ரீன் மாட்டியாகணும். யாரும் வரலன்னா நானே மாட்டுவேன்."

"மாட்டு. நானே பிடிச்சுக்கறேன் ஒரு பக்கம். ஆனா ஒரு தடவ பாத்துட்டு மூடு. அவன் நிறுத்தின எடத்துல கோடு கீழ எறங்குது. ஒரு சாண். ஒரு சாணுக்குள்ள தெரிஞ்சுடும். நெறமே இல்லாத செத்த கல்லா, நெறம் எரியற உயிர்க் கல்லான்னு."

"பாக்காம மூடினா?"

"பாக்காம மூடினா நான் தூங்க மாட்டேன். நீ தூங்குவ."

மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளை செவ்வாய் என்பதுபோல் சொன்னான். அவன் செய்வான் என்று அவளுக்குத் தெரியும். குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, திரையின் சட்டத்தை நகத்தால் நெம்பியாவது போவான். அவள் காலையில் அவனை அங்கே கண்டெடுப்பாள்.

வெகுநேரம் அடுப்பின் முன் நின்றாள்.

"நான் பாக்கறேன்" என்றாள். "எங் கையால. ஒரு சாண். அதுக்கு மேல இல்ல. நீ இங்கேர்ந்து நகரக் கூடாது. செத்த கல்லுன்னு நான் சொன்னா அது செத்த கல்லு. மறுபேச்சு கெடையாது. மூடிடுவோம்."

"யாஸ்னா மேல ஆணையா மறுபேச்சு பேச மாட்டேன்."

அவன் கண் பளபளத்தது. அதை அவள் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

சிறிய கைக்குந்தாலி, தலைவிளக்கு, தண்ணீர்ப் புட்டி. முக்காட்டை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டினாள். செத்த கல் என்ற சொல்லை வாயில் தயாராக வைத்துக்கொண்டு போனாள். சாம்பலோ வெள்ளையோ நிறமோ, எது இருந்தாலும் அதைத்தான் சொல்வதாக இருந்தாள். விமானத்தில் எடுத்த முடிவைவிட உறுதியான முடிவு இது. ஒரே ஒரு சொல். சொன்னால் அவன் நம்புவான். அவள் கண்ணை அவன் என்றும் நம்பினான். மண்மேட்டில் அவள் எறிந்த கல்லை அவன் திரும்பப் பார்த்ததே இல்லை.

பொந்துக்குள் நுழைந்தாள். குளிர்ந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் பாறை இளஞ்சிவப்பாக, கத்தியால் வெட்டிய பாலாடைக்கட்டிபோல் இருந்தது. இடது பக்கம் கீழே கோடு. நகக்கண் அகலம். சாம்பல் நிறம். தண்ணீர் அடித்தாள். சாம்பல் நிறமாகவே இருந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

குந்தாலியின் நுனியால் தட்டினாள். பாறை சில்லுச் சில்லாக உதிர்ந்தது. கோடு கீழே இறங்கியது, அவன் சொன்னதுபோலவே. மீண்டும் தட்டினாள். ஒரு சாண் என்று தன் கையை வைத்து அளந்தாள். முடிந்துவிட்டது. சாம்பல்தான். பொய்கூடச் சொல்ல வேண்டாம்.

சுத்தமாக இருக்கட்டும் என்று கடைசியாக ஒரு தட்டு தட்டினாள். உள்ளங்கை அளவு பாறை பெயர்ந்து விழுந்தது.

விளக்கை அசைத்தாள். பச்சை ஓடியது. தலையைச் சற்று சாய்த்தாள். பச்சைக்கு உள்ளிருந்து சிவப்பு எழுந்து, நீலத்தில் போய் அணைந்தது. கோடு இங்கே சுண்டுவிரல் கனம். நாற்பது வருடத்தில் இப்படி ஒன்றை அவள் மற்றவர்கள் கையில்தான் பார்த்திருக்கிறாள்.

முக்காட்டை இறக்கி, கல்லை நாக்கால் தொட்டாள். உப்பு. நிறம் இன்னும் எரிந்தது.

சொல் வாயில்தான் இருந்தது. கொஞ்சம் போனால் கோடு முடிந்துவிடும் என்று நினைத்தாள். பெரும்பாலும் முடிந்துவிடும். முடிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லலாம். அப்போது அது பொய்யாக இருக்காது. தட்டினாள். முடியவில்லை. வலது பக்கமாக வளைந்தது. முழங்காலைப் பொந்துக்குள் இழுத்துக்கொண்டு, தோளைச் சாய்த்து, கையை ஓங்க இடம் செய்தாள். தட்டினாள். தூசு விளக்கை மறைத்தது. தண்ணீர்ப் புட்டி எங்கோ உருண்டுவிட்டது, அதைத் தேடவில்லை. கையால் தூசை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தட்டினாள். நிறம் போய்க்கொண்டே இருந்தது. அவள் மூச்சு அவள் காதிலேயே இரைந்தது. எத்தனை சாண் ஆயிற்று என்று அளக்கவில்லை.

தூசு பொந்திலிருந்து அறைக்கும், மேலே காற்று ஊதி அழுத்தியதில் அறையிலிருந்து சமையலறைக்கும் போய்க்கொண்டிருந்தது. அங்கே இருமல் தொடங்கியது. அது அவளுக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டே ஓங்கினாள்.

இருமல் கொஞ்சம் அடங்கியது. காலை இழுத்து இழுத்து நடக்கும் ஓசை, அறை வாசல்வரை.

"நெவென்கா... என்ன கலரு?"